சிரித்தபடி நினைவுகூரச் சொன்ன ஷோலம் அலெய்கெம்

எங்கள் வீட்டில் ஒரு ஆட்டைத்திவசம். யுத்தத்தில் போன மாமாவுக்கு. ஐயர் போய், படையல் எடுத்து, சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது யாரோ மாமாவின் குறட்டையைப் பற்றிக் கதைத்தார்கள். பங்கருக்குள் வெளியில் விழும் ஷெல்லை விட உள்ளே கேட்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் பயந்தார்களாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒரே நேரத்தில் நிறுத்தினோம். மாமி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனா. அழப் போனாவா, மிச்சத்தைச் சிரிக்கப் போனாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ களவு செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் போல நாங்கள் ஆளையாள் பார்க்காமல் இருந்தோம்.

அந்த வெட்கம் எனக்குள் கன காலம் இருந்தது. பிறகுதான் ஷோலம் அலெய்கெமின் மரண சாசனத்தைப் படித்தேன். 1915 செப்டெம்பர் 19ஆம் திகதி நியூயோர்க்கில் எழுதியது. அதில் அவர் தன் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்கிறார். ஆண்டுதோறும் என் இறந்த நாளில் கூடுங்கள், என் கதைகளில் மிகவும் சிரிப்பான ஒன்றை எடுத்து, உங்களுக்கு எந்த மொழி நன்றாக விளங்குமோ அந்த மொழியில் சத்தமாக வாசியுங்கள். என் பெயரைச் சிரிப்போடு நினையுங்கள், இல்லாவிட்டால் நினைக்கவே வேண்டாம். இதுதான் அதன் சாரம்.

இதை எழுதியவர் சந்தோஷமாக இருந்து எழுதவில்லை. அவருடைய மூத்த மகன் மீஷா இறந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது. யூதர்கள் முழு நாளும் உண்ணாமல் குடிக்காமல் பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நோன்புக்கு அடுத்த நாள் அது. மகன் போன துக்கத்தோடுதான் அந்தக் கடதாசி தொடங்குகிறது. அதே கடதாசியில்தான் சிரிக்கச் சொல்லும் வரியும் இருக்கிறது.

அவருடைய உண்மைப் பெயர் சொலமன் ரபினோவிச். 1859 மார்ச் 2ஆம் திகதி, இன்றைய உக்ரேனில், அன்றைய ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட பெரேயஸ்லாவில் பிறந்தார். யூத நாட்காட்டியில் அது ஆதார் மாதம். ஆதார் பிறந்தால் சந்தோஷத்தைக் கூட்ட வேண்டும் என்று தல்மூதிலேயே சொல்லியிருக்கிறது. காரணம், பூரிம் பண்டிகை அந்த மாதத்தில் வருகிறது.

பூரிம் என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த மனிதரை விளங்கிக்கொள்ள முடியாது. பழைய ஏற்பாட்டில் எஸ்தரின் புத்தகம் எங்களில் பலருக்கும் தெரியும். பாரசீக ராச்சியத்தில் ஆமான் என்ற மந்திரி யூதர்கள் எல்லோரையும் ஒரே நாளில் கொன்று முடிக்கக் கட்டளை வாங்குகிறான். நாள் குறிக்கச் சீட்டுப் போடுகிறான். அந்தச் சீட்டுக்குத்தான் பூர் என்று பெயர், பண்டிகையின் பெயர் அதிலிருந்து வந்தது. யூதப் பெண்ணான எஸ்தர் அரசி, மொர்தெகாயின் சொற்கேட்டு, அரசனிடம் பேசித் தன் சனத்தைக் காப்பாற்றுகிறாள். மொர்தெகாய்க்கென்று நட்ட தூக்குமரத்தில் ஆமானே தொங்குகிறான். ஒரு இன அழிப்பு உத்தரவின் கதை இது. ஆனால் இதைக் கொண்டாடும் நாள்தான் யூதர்களின் ஆண்டில் ஆகக் கூத்தான நாள்.

தொழுகைக் கூடத்தில் அந்தப் புத்தகத்தை முழுதாக வாசிப்பார்கள். ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுற்றுவார்கள், காலால் நிலத்தை உதைப்பார்கள். சிலர் சப்பாத்தின் அடியில் ஆமானின் பெயரை எழுதிவைத்து உதைத்தே அழிப்பார்கள். வேறு நாளில் பெரியவர்கள் அதட்டி அடக்கும் பிள்ளைகளை அன்றைக்கு அவர்களே உசுப்பிவிடுவார்கள். இளைஞர்கள் முகமூடி போட்டு வீடு வீடாகப் போய் நாடகம் போடுவார்கள். மதப் பாடசாலைகளில் ஒரு மாணவனுக்கு ஒருநாள் ரப்பிப் பட்டம் கட்டி, அவன் ஆசிரியர்களைப் போல் பேசி நக்கலடிக்க, ஆசிரியர்கள் இருந்து கேட்பார்கள். வேத விளக்கத்தையே வேடிக்கையாகத் திரித்துப் பிரசங்கம் செய்வதற்குத் தனியாக ஒரு மரபே உண்டு. ஆமானைச் சபிப்பதற்கும் மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வேறுபாடு தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று தல்மூத் சொல்கிறது. சொல்லிவிட்டு உடனேயே ஒரு கதையும் வைத்திருக்கிறது. ரப்பா என்ற பெரியவர் பூரிம் வெறியில் ரப்பி செய்ராவின் கழுத்தை அறுத்துவிட்டார். வெறி முறிந்த பிறகு பிரார்த்தனை செய்து உயிர்ப்பித்தார். அடுத்த வருடமும் பண்டிகைக்கு வரச்சொல்லி அழைத்தபோது, அற்புதம் ஒவ்வொரு முறையும் நடக்காது என்று செய்ரா மறுத்துவிட்டாராம். குடிக்கும் கட்டளைக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு பகிடியை எச்சரிக்கையாக வைத்த ஆட்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. எபிரேய மொழியில் உள்ள எஸ்தரின் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அவர் மறைந்திருக்கிறார் என்று ரப்பிமார் விளக்கம் சொன்னார்கள். எஸ்தர் என்ற பெயரிலேயே மறைவைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் ஒலி இருக்கிறது என்றார்கள். ஆகப் புனிதமான யோம் கிப்பூரிம் என்ற நோன்புப் பெயரைப் பிரித்து, அது பூரிமைப் போன்ற ஒரு நாள் என்று சிலேடை செய்தவர்களும் அவர்களே. அழுது மன்னிப்புக் கேட்கும் நாள், முகமூடி போட்டுச் சிரிக்கும் நாளைப் போன்றதாம். மகன் இறந்த செய்தியை அந்த நோன்பை ஒட்டிய நேரத்தில் கேட்ட மனிதனுக்கு இந்தச் சிலேடை கட்டாயம் தெரிந்திருக்கும்.

இந்த மரபுக்குள்தான் சிறுவன் வளர்ந்தான். குடும்பம் வொரோன்கோ என்ற சிறிய ஊருக்குப் போனது. அந்த ஊர்தான் பின்னால் அவர் கதைகளில் கஸ்ரிலெவ்கே ஆனது. தகப்பன் வசதியானவர், படித்தவர். கூட்டாளி ஏமாற்றியதால் சொத்துப் போய், பெரேயஸ்லாவுக்குத் திரும்பி ஒரு சத்திரம் நடத்தினார். அங்கே வாந்திபேதி வந்தது. தாய் செத்துப் போனா. அவவின் பெயர் ஹாயா எஸ்தர். அப்போது அவருக்கு 13 வயது. வாழ்நாள் முழுவதும் 13 என்ற எண்ணுக்குப் பயந்தார். கையெழுத்துப் பிரதிகளில் 13ஆம் பக்கம் இருக்காது, 12அ என்றே இலக்கமிடுவார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

தகப்பன் மறுமணம் செய்தார். வந்த சிற்றன்னை வாய் திறந்தால் சாபம்தான். சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு சாபம், சாப்பிடாத பிள்ளைக்கு வேறொரு சாபம். ஒவ்வொரு சாதாரணச் சொல்லின் பின்னாலும் எதுகை மோனையோடு ஒரு சாபத்தைக் கட்டிவிடும் திறமை அவவுக்கு இருந்தது. பையன் என்ன செய்தான்? இரகசியமாக ஒரு கொப்பியில் அத்தனை சாபங்களையும் அகர வரிசைப்படி எழுதினான். ஒரு அகராதி. அவருடைய முதல் நூல் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். கொப்பி தகப்பனின் கையில் அகப்பட்டது, சிற்றன்னைக்கும் தெரிந்துவிட்டது. அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு முன்னால், அவ முகம் சிவந்து, பிறகு தன் சாபங்களைத் தானே கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாவாம். தன் சுயசரிதையில் இதை அவர் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த இடம்தான் அவருடைய முழு எழுத்துக்கும் திறவுகோல். அவர் சிற்றன்னையைத் திருப்பித் திட்டவில்லை, அவவின் சொற்களைச் சேர்த்து அடுக்கி அவவுக்கே காட்டினார், அவ்வளவுதான்.

அடுத்த வருடங்களை விரைவாகச் சொல்கிறேன். ஒரு பணக்காரப் பண்ணையாரின் மகள் ஓல்காவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார், இருவரும் காதலித்தார்கள். தகப்பனுக்குத் தெரியவந்தது, வேலை போனது. லுப்னி என்ற ஊரில் அரசாங்கம் நியமிக்கும் ரப்பியாக, பிறப்பு இறப்புப் பதியும் உத்தியோகம் பார்த்தார். 1883இல் ஓல்காவையே கலியாணம் செய்தார். அதே வருடம்தான் யித்திஷ் மொழியில் எழுதத் தொடங்கினார். படித்தவர்கள் எபிரேயத்திலோ ரஷ்ய மொழியிலோ எழுதிய காலம் அது. யித்திஷ் அடுப்படி மொழி, சந்தை மொழி, மொழியே இல்லை என்று இகழ்ந்தார்கள். அவர் அந்த மொழியில் எழுதினார், புனைபெயராக யூதர்கள் தெருவில் ஆளையாள் கண்டால் சொல்லும் முகமனையே வைத்துக்கொண்டார். உங்களுக்குச் சமாதானம் என்பதுதான் ஷோலம் அலெய்கெமின் பொருள். புத்தக அட்டையில் எழுதியவரின் பெயரைப் படிப்பவர், தனக்கு ஒருவர் வணக்கம் சொல்லிவிட்டதை உணர்வார்.

மாமனார் 1885இல் இறக்க, பெரும் சொத்து கைக்கு வந்தது. அந்தக் காசில் யித்திஷ் எழுத்தாளர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து ஒரு ஆண்டுமலர் நடத்தினார், இரண்டு தொகுதிகள் வந்தன. மிச்சத்தைப் பங்குச் சந்தையில் போட்டார். 1890இல் முழுதும் போனது. கடன்காரருக்குப் பயந்து நாட்டை விட்டு ஓட, மாமியார்தான் கடனைக் கட்டினா. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து மெனாஹெம் மெண்டல் பிறந்தான். நாளைக்கு லட்சாதிபதியாவேன் என்று ஒடெசாவிலிருந்து எழுதும் கணவன், வீட்டில் பிள்ளைகளோடு இருந்து வயிறெரிந்து பதில் போடும் மனைவி. வெளிநாடு போய்க் கடிதம் போட்ட ஆட்களைக் கண்ட எந்த வீட்டிலும் அதை வாசித்துச் சிரிக்கலாம்.

அவர் கதைகளில் பெரும் பங்கு பண்டிகைக் கதைகள். யூதப் பத்திரிகைகள் ஒவ்வொரு பண்டிகைக்கும் சிறப்பிதழ் போடும், அதற்கு அவரிடம் கதை கேட்கும். பூரிம் வந்தால் பூரிம் கதை, பஸ்கா வந்தால் பஸ்கா கதை. பூரிமன்று வீடுகளுக்கிடையே பலகாரத் தட்டு அனுப்புவது கடமை. அவருடைய ஒரு கதையில் இரண்டு வேலைக்காரப் பெண்கள், இருவருக்கும் ஒரே பெயர், தட்டோடு எதிரெதிரே வந்து வழியில் சந்திக்கிறார்கள். கால் வலிக்க இருந்து, எசமானிகளின் கருமித்தனத்தைக் கதைத்தபடி இவளுடைய தட்டில் அவளும் அவளுடைய தட்டில் இவளும் ருசி பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தட்டைப் பார்த்து எசமானிகள் கொதிக்க, அன்பைக் காட்டுவதற்கான பண்டிகை இரண்டு குடும்பங்களின் சண்டையாகிறது. இதில் பண்டிகையை அவர் கேலி செய்யவில்லை. பண்டிகையைக் கொண்டாட முயலும், காசில்லாத, ரோசமுள்ள மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அவரும் அவர்களில் ஒருவர் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

தேவ்யே என்ற பால்காரனை 1894இல் எழுதத் தொடங்கி இருபது வருடம் தொடர்ந்தார். ஏழு பெண்பிள்ளைகளின் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளும் ஏழை, வண்டியில் போகும்போதெல்லாம் கடவுளோடு வாதாடுபவன், வேத வசனங்களை வாய்க்கு வந்தபடி வளைத்துப் பொருள் சொல்பவன். கடைசிப் பகுதியில் ஊர்க்காரர் அவன் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அவனோடு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் யூதர்களை அடிக்கிறார்கள், இங்கே ஒன்றும் செய்யாவிட்டால் மேலிடம் என்ன நினைக்கும்? பேசிப் பேசிக் கடைசியில் சன்னல்களை மட்டும் உடைப்பது என்று இணங்குகிறார்கள். பிறகு, ஊரைவிட்டுப் போகச் சொல்லும் அரச உத்தரவு வருகிறது. வாசித்தபோது நான் சிரித்தேன், சிரித்த வாய் மூடவில்லை, கண் நிறைந்துவிட்டது. 1983ஐக் கண்டவர்களுக்கு, பழகிய முகங்கள் வாசலில் வந்து நிற்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

இது கற்பனையிலிருந்து மட்டும் வந்ததல்ல. 1903இல் கிஷினேவ் நகரில் யூதர்களை வெட்டிக் கொன்றபோது, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அவர் ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டார், டோல்ஸ்டோயிடம் கேட்டுக் கதைகள் வாங்கி யித்திஷில் போட்டார். 1905 ஒக்டோபரில் கலவரம் கீவ் நகரில் அவர் வாசலுக்கே வந்தது. குடும்பத்தோடு ஒரு ஹோட்டலில் ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அதற்குப் பிறகு நாட்டில் இருக்கவில்லை. ஜெனீவா, லண்டன், நியூயோர்க் என்று அலைந்தார். நியூயோர்க்கில் 1907இல் இரண்டு நாடகங்கள் ஒரே நேரத்தில் மேடையேறின, இரண்டும் தோற்றன. ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1908இல் ஊர் ஊராகக் கதை வாசிக்கும் பயணத்தில் பரனோவிச்சியில் இரத்தம் கக்கி விழுந்தார். காசநோய். ஆண்டுக்கணக்காக இத்தாலியில் சிகிச்சை. கையில் காசில்லை, உரிமைகளை எல்லாம் அற்ப விலைக்குப் பதிப்பாளருக்கு விற்றிருந்தார். வாசகர்கள் நிதி திரட்டி அந்த உரிமைகளை மீட்டுக் கொடுத்தார்கள். படுத்துக்கொண்டே எழுதினார். மொட்டல் என்ற சிறுவனின் கதையும் அவர் எழுதியதுதான். தகப்பன் செத்துப்போனதால் இனி யாரும் அடிக்கமாட்டார்கள், பாடசாலையில் சலுகை, எல்லோரும் இரக்கப்படுகிறார்கள் என்று அநாதையாய் இருப்பதை ஒரு பாக்கியமாக எண்ணும் பிள்ளை. முகாம்களில் இப்படியான பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் சிரிப்பைப் பார்த்துப் பெரியவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

1914இல் உலக யுத்தம் தொடங்கியபோது குடும்பம் ஜெர்மனியில். ரஷ்யப் பிரஜைகள் என்பதால் அங்கே எதிரிகள். டென்மார்க் போய் அங்கிருந்து அமெரிக்கா. மீஷாவுக்கும் காசநோய், அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். மகனைக் கொப்பன்ஹேகனில் ஒரு சகோதரியோடு விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அடுத்த வருடம் அவன் இறந்தான். பிறகுதான் அந்த மரண சாசனம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. காசாவிலிருந்து வரும் படங்களைப் பார்த்துக்கொண்டு யூதப் பண்டிகையின் சிரிப்பைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. எஸ்தரின் புத்தகத்தின் முடிவில் யூதர்கள் தங்கள் பகைவரில் 75,000 பேரைக் கொன்றதாகவும் எழுதியிருக்கிறது. கையில் அதிகாரம் இல்லாதவன் ஆண்டுக்கு ஒருமுறை அதை வாசித்துக் கிலுகிலுப்பை சுற்றுவது ஒன்று. துவக்கு வைத்திருப்பவன் வாசிப்பது வேறு. 1994இல் பூரிம் நாளன்று ஹெப்ரோன் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். ஷோலம் அலெய்கெமுக்கும் சியோனியத்தில் ஈடுபாடு இருந்தது, 1907இல் ஹேக்கில் நடந்த அவர்களின் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் கதைகளில் நான் தேடிப் பார்த்தவரை, தோற்றுப்போன எதிரியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. சன்னல் உடைக்க வந்தவர்களையும் அவர் மனிதர்களாகத்தான் எழுதினார்.

1916 மே 13ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் இறந்தார். 57 வயது. 13ஆம் திகதியில்தான் போனார். இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சனம். தையல் ஆலைகளில் வேலை செய்தவர்கள், தெருவில் சாமான் விற்றவர்கள், கப்பலில் வந்திறங்கிய ஏழைகள். பிரபுக்கள் நடுவே வேண்டாம், உழைக்கும் சாதாரண யூதர்கள் நடுவே புதையுங்கள் என்று சாசனத்தில் எழுதியிருந்தார். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையைப் பிள்ளைகள் விரும்பினால் சொல்லலாம், விருப்பமில்லாவிட்டால் அதற்குப் பதிலாகக் கூடியிருந்து கதை வாசித்தாலும் பிழையில்லை என்றும் எழுதியிருந்தார். கதீஷில் மரணம் என்ற சொல்லே வராது, கடவுளைப் புகழ்வது மட்டும்தான். அந்த இடத்தில் ஒரு சிரிப்புக் கதையை வைக்கத் துணிந்தார்.

குடும்பம் அதை நிறைவேற்றியது. ஆண்டுதோறும் நியூயோர்க்கில் கூடி வாசித்தார்கள். நாவலாசிரியையான அவருடைய பேத்தி பெல் காவ்மன் 2014இல் இறக்கும் வரைக்கும் இதை முன்னின்று நடத்தினா. குடும்பத்தில் தொடங்கியது பிறகு ஊரவர் எல்லோரும் வந்து இருந்து கேட்கும் கூட்டமாகியது.

அவருடைய நினைவு நாள் எங்கள் மே மாதத்தில், நாங்கள் கஞ்சி காய்ச்சும் அந்தக் கிழமையில் வருகிறது. முள்ளிவாய்க்காலில் சிரிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எங்களுக்கு இன்னும் பதில் வராத கேள்விகள் இருக்கின்றன, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் இருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள், எங்கள் ஆட்களின் திவசத்தில், மாமாவின் குறட்டையை நாங்கள் மறக்கத்தான் வேண்டுமா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது.

போன வருடம் மாமாவின் திவசத்தன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, அவருடைய தொப்பிக் கதையை என் வாயால் தமிழில் சொன்னேன். பஸ்காவுக்கு வீடு போக ரயில் காத்திருக்கும் ஒரு ஏழைத் தரகன், நிலைய வாங்கில் தூங்கும் பெரிய அதிகாரி ஒருவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிப் படுக்கிறான். ரயில் வந்ததும் எழுப்பிவிடச் சொல்லிச் சுமைதூக்கிக்குக் காசு கொடுக்கிறான். இருட்டில் எழும்பும்போது அதிகாரியின் தொப்பி தலையில் ஏறிவிடுகிறது. எல்லோரும் விலகி வழி விடுகிறார்கள், முதலாம் வகுப்பில் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். ஏன் இந்த மரியாதை என்று விளங்காமல் கண்ணாடியைப் பார்த்தவனுக்குத் தொப்பி தெரிகிறது. அட மடையா, என்னை எழுப்பச் சொன்னால் அந்த அதிகாரியை எழுப்பிவிட்டானே, நான் இன்னும் வாங்கில் அல்லவா தூங்குகிறேன் என்று, தன்னைத் தானே எழுப்ப இறங்கி ஓடுகிறான். ரயில் போய்விடுகிறது.

மாமி சிரித்தா. இந்த முறை வாயைப் பொத்தவில்லை. சிரித்து முடித்து, அவன் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டா. சேர்ந்தான், பண்டிகை முடிந்த பிறகு, என்றேன்.